மெல்பர்னில் பார்க்க என்ன இருக்கிறது?

சிட்னிக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கேள்வி எழுவதே இல்லை. ஓபரா ஹவுஸும் துறைமுகப் பாலமும் முதல் நாளே பதில் சொல்லிவிடும். ஐம்பது லட்சம் பேருக்கு மேல் வாழும் மெல்பர்னுக்கு அப்படி ஒரு சின்னம் கிடையாது. பரிசுக்கடையில் சாவிக்கொத்து வாங்கினால் அதில் டிராம் வண்டி தொங்கும், அல்லது கங்காரு.

அதனால்தானோ என்னவோ, இந்த ஊரில் என்ன பார்ப்பது என்பதற்கு மூன்று விதமான விடைகள் புழங்குகின்றன. சுற்றுலா நிறுவனங்கள் ஊரைவிட்டு வெளியே போகச் சொல்கின்றன. ஒரு நாள் கிரேட் ஓஷன் ரோடு, ஒரு நாள் பிலிப் தீவுப் பெங்குவின்கள், ஒரு நாள் மலை ரயில். மிஞ்சும் அரை நாளில் நகர உலா. கையேடுகள் ஒரு பட்டியலை நீட்டுகின்றன: உயரக் கோபுரம், கேப்டன் குக் வீடு, பிரைட்டன் கடற்கரையின் வண்ணப் பெட்டி வீடுகள். மூன்றாவது விடை உறவினர்களுடையது. பேரக் குழந்தையைப் பார்க்க விமானம் ஏறி வரும் நம் அப்பா அம்மாக்களுக்கு வாரநாட்களில் வீடும் பக்கத்துப் பூங்காவும், சனிக்கிழமை ஷாப்பிங் சென்டர், ஞாயிற்றுக்கிழமை கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில். மாதக்கணக்கில் தங்கிவிட்டு ஊர் திரும்புகிறவர்களில் பலர் நகரத்தின் நடுவீதியில் ஒரு மணி நேரம்கூட நடந்திருக்க மாட்டார்கள்.

மூன்றுக்கும் அதனதன் நியாயம் உண்டு. ஆனால் மூன்றுமே நகரத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடுகின்றன. என் கட்சி வேறு. மெல்பர்ன் இருக்கும் விக்டோரியாவில் 1851இல் தங்கம் கிடைத்தது. அடுத்த நாற்பது ஆண்டுகளில் அந்தப் பணத்தில் மெல்பர்ன் தன் குடிமக்களுக்கென்று பெரிய பெரிய பொது இடங்களைக் கட்டிக்கொண்டது. பார்க்கவேண்டியவை அவைதாம், கூடவே, தங்கம் யாருடைய மண்ணிலிருந்து வந்தது என்பதன் தடங்களும். இவற்றில் பாதிக்கு மேல் காசு கேட்காதவை. ஃபிளிண்டர்ஸ் தெரு ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தோ டிராமிலோ போய்விடலாம். மகன் வேலைக்குப் போனபின் வீட்டில் தனியே இருக்கும் அறுபத்தைந்து வயதுக்காரர் யார் துணையும் இல்லாமல் செய்யக்கூடிய காரியம் இது.

முதலில் போகவேண்டிய இடம் ஸ்வான்ஸ்டன் தெருவில் உள்ள மாநில நூலகம். சுற்றுலாவில் நூலகத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் அதன் லட்ரோப் வாசிப்பு அறைக்குள் ஒரு முறை நுழைந்துவிட்டால் போதும். எண்கோண வடிவக் கூடம். தலைக்கு மேலே ஏறத்தாழ 35 மீட்டர் விட்டமுள்ள குவிமாடம். நடுவிலிருந்து கதிர்கள்போல் விரியும் மர மேசைகள். ஒவ்வொன்றிலும் பச்சை விளக்கு. 1913இல் திறந்தார்கள். கண்ணாடிக் கூரை ஒழுக ஆரம்பித்ததும் 1959இல் செம்புத் தகடு போட்டு மூடிவிட்டார்கள். ஒரு தலைமுறை முழுக்க இருட்டிலேயே படித்துவிட்டுப் போன பிறகு, 2003இல்தான் மறுபடி வெளிச்சம் வந்தது. மேல்தளங்களுக்கு ஏறி, பால்கனியிலிருந்து கீழே பாருங்கள். பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்களும், செல்பேசியை மின்னேற்ற வந்தவர்களும், வெயிலுக்கு ஒதுங்கிய வீடற்றவர்களும் அதே மேசைகளில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

அதுதான் அந்த நூலகத்தின் ஆதி நோக்கமும்கூட. 1856இல் திறந்தபோதே பதினான்கு வயது கடந்த எவரும் உள்ளே வரலாம், கை சுத்தமாக இருந்தால் போதும் என்று விதி வைத்தார்கள். சுரங்கத் தொழிலாளிக்கும் சீமானுக்கும் ஒரே நாற்காலி. அந்த விதிக்குப் பின்னால் இருந்தவர் சர் ரெட்மண்ட் பாரி என்ற நீதிபதி. நூலக வாசலில் சிலையாக நிற்கிறார். உள்ளே, கொள்ளைக்காரன் நெட் கெல்லி கலப்பை இரும்பை அடித்துச் செய்துகொண்ட கவசம் காட்சிக்கு இருக்கிறது. கெல்லிக்கு மரண தண்டனை விதித்ததும் இதே பாரிதான். 1880 நவம்பர் 11 அன்று, நூலகத்துக்குப் பின்பக்கம் நடக்கிற தூரத்தில் உள்ள பழைய சிறையில் கெல்லியைத் தூக்கிலிட்டார்கள். பன்னிரண்டு நாள் கழித்துப் பாரியும் இறந்துபோனார். நகரத்துக்கு அறிவுக்கூடம் கட்டித்தந்தவரும் ஏழை ஐரிஷ் குடியானவர்கள் பயந்த நீதிபதியும் ஒரே ஆள். இன்றைக்கு நூலகத்துக்கு வரும் கூட்டத்தில் பலர் கெல்லியின் கவசத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள். சிலையின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்பவர்கள் குறைவு.

பழைய சிறையையும் காசு கொடுத்துப் பார்க்கலாம். 133 பேர் தூக்கிலேறிய இடம். மூன்று அடுக்குக் கொட்டடிகள், நடுவே இரும்புப் பாலம், தூக்குமரம். குழந்தைகளோடு போவதைத் தவிர்க்கலாம். ராத்திரியில் நடத்தும் ‘பேய் உலா’வை யாருமே தவிர்க்கலாம்.

அங்கிருந்து கிழக்கே நடந்தால் கார்ல்டன் தோட்டமும் ராயல் எக்சிபிஷன் கட்டடமும். 1880 உலகக் கண்காட்சிக்காக ஜோசப் ரீட் வடிவமைத்தது. மாநில நூலகத்தின் முதல் கட்டடத்தை வரைந்ததும் இவர்தான். 2004இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. ஆஸ்திரேலியா என்ற நாட்டின் முதல் நாடாளுமன்றம் 1901 மே 9 அன்று இந்தக் குவிமாடத்தின் கீழ்தான் தொடங்கியது. கான்பெரா தயாராகும்வரை, 1927 வரைக்கும், மெல்பர்ன்தான் தலைநகரம். உறுப்பினர்கள் கூடி விவாதித்தது ஸ்பிரிங் தெருவில் உள்ள விக்டோரிய நாடாளுமன்றக் கட்டடத்தில். சபை கூடாத வாரநாட்களில் அதை இலவசமாகச் சுற்றிக் காட்டுகிறார்கள். தங்கமுலாம் பூசிய மேலவை மண்டபத்தைப் பார்த்து வியக்கும்போது இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. புதிய நாடாளுமன்றம் முதல் ஆண்டிலேயே இயற்றிய சட்டங்களில் ஒன்று குடியேற்றத் தடைச் சட்டம். நிறத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இருக்காது. துறைமுக அதிகாரி விரும்பிய ஏதோ ஒரு ஐரோப்பிய மொழியில் ஐம்பது சொற்களை வாசிப்பார். வந்தவர் பிழையில்லாமல் எழுதவேண்டும். ஆசியர்களைத் திருப்பியனுப்ப அது போதுமானதாக இருந்தது. அந்தத் தேர்வு 1958 வரை நடந்தது. வெள்ளை ஆஸ்திரேலியா என்ற கொள்கை முற்றாகக் கைவிடப்பட்டது 1973இல். இந்தக் கதையை விரிவாகச் சொல்லும் இடம் ஃபிளிண்டர்ஸ் தெருவின் பழைய சுங்க மாளிகையில் இருக்கும் குடியேற்ற அருங்காட்சியகம். நம்மூர்க்காரர்கள் அதிகம் எட்டிப் பார்க்காத இடம். மகன் பேரில் விசா வாங்கி வந்திறங்கியவர்கள் ஒரு முறையாவது பார்க்கவேண்டும்.

சைனா டவுனுக்கும் இதில் தொடர்பு உண்டு. லிட்டில் பர்க் தெருவில் 1850களிலிருந்து இருக்கிறது. தங்கம் தேடி வந்த சீனர்கள் ஒவ்வொருவருக்கும் பத்துப் பவுண்டு தலைவரி என்று 1855இல் விக்டோரியா அறிவித்தது. அதற்குத் தப்ப, கப்பல்காரர்கள் அவர்களைப் பக்கத்து மாநிலத்தில் ரோப் என்ற சிறு துறைமுகத்தில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்தே சுரங்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். டம்ப்ளிங் சாப்பிடப் போகிறவர்கள் பக்கத்துச் சந்தில் உள்ள சீன அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு வரலாம்.

நிலத்தின் கதை இன்னும் பழையது, இன்னும் கசப்பானது. யாரா நதிக்கரை ஊருண்ட்ஜெரி, பூனுரங் மக்களுடையது. 1835இல் ஜான் பேட்மன் என்பவர் தாஸ்மேனியாவிலிருந்து வந்து, போர்வை, கத்தி, கோடரி, கண்ணாடி, மாவு இவற்றைக் கொடுத்து சுமார் ஆறு லட்சம் ஏக்கரை ‘வாங்கியதாக’ ஒரு பத்திரம் எழுதினார். ஆளுநர் பர்க் மூன்று மாதங்களுக்குள் அது செல்லாது என்றார். பழங்குடிகள் மேலுள்ள இரக்கத்தால் இல்லை. நிலமெல்லாம் மன்னருடையது, அதை விற்க அவர்களுக்கு உரிமையே இல்லை என்பதால். பத்திரம் எழுதியபோது சிறுவனாக அந்த இடத்தில் இருந்ததாகப் பின்னாளில் சொன்னவர் வில்லியம் பாரக். வளர்ந்து தன் மக்களின் தலைவரானார். ஹீல்ஸ்வில் அருகே அவர்கள் வாழ்ந்த கோரண்டெர்க் குடியிருப்பைப் பறிக்க அரசு முயன்றபோதெல்லாம், மனு கொடுக்க மெல்பர்ன்வரை நடந்தே வந்த குழுவினரில் அவரும் ஒருவர்.

அவருடைய முகம் இப்போது ஸ்வான்ஸ்டன் தெருவின் வடகோடியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் முகப்பாக இருக்கிறது. பால்கனிகளின் வெள்ளைத் தகடுகளை வளைத்து வளைத்து உருவாக்கிய முகம். கிட்டே போனால் வெறும் பால்கனிகள்; தூரத்தில் நின்றால்தான் ஆள் தெரிவார். மிகச் சரியாகத் தெரியும் இடம் நதிக்குத் தெற்கே, 1934இல் திறந்த போர் நினைவாலயத்தின் மேல்மாடம். நிலத்தை இழந்தவரின் முகத்தைச் சொகுசு வீடுகளுக்கு ஒட்டிவிட்டார்கள் என்று இதைக் கடுமையாக விமர்சிப்பவர்கள் உண்டு. எனக்கும் அந்த உறுத்தல் இருக்கிறது. ஆனாலும் நகரத்தின் பிரதான வீதியில் எந்த மூலையில் நின்றாலும் யாருடைய ஊர் இது என்று ஒரு முகம் பார்த்துக்கொண்டிருப்பது, பார்க்காமல் இருப்பதைவிட மேல். நினைவாலய மாடத்துக்கு ஏறக் காசு இல்லை. எண்பத்தெட்டாம் மாடியிலிருந்து ஊரைக் காட்டுகிறோம் என்று யுரேகா கோபுரத்தில் வாங்கும் கட்டணம் மிச்சம்.

கிரிக்கெட் மைதானத்துக்கு வருவோம். எம்.சி.ஜி. என்ற மூன்று எழுத்து நம்மில் பலருக்கு மெல்பர்ன் என்ற பெயருக்கு முன்பே அறிமுகம். விடியற்காலை நாலரைக்கு எழுந்து டிவி போட்டவர்களின் தலைமுறை ஒன்று இன்னும் இருக்கிறது. டெஸ்ட் கிரிக்கெட் பிறந்த இடமே இதுதான். 1877 மார்ச்சில் சார்லஸ் பானர்மன் 165 ரன் அடித்து, விரலில் அடிபட்டு வெளியேற, ஆஸ்திரேலியா 45 ரன் வித்தியாசத்தில் இங்கிலாந்தை வென்றது. நூறாண்டு நிறைவுக்காக 1977இல் இங்கே நடத்திய போட்டியிலும் ஆஸ்திரேலியா வென்றது அதே 45 ரன்னில். முதல் ஒருநாள் சர்வதேசப் போட்டியும், 1971 ஜனவரியில், இங்கேதான். நம்மவர் கணக்கில் இரண்டைச் சொல்லவேண்டும். அடிலெய்டில் 36 ரன்னுக்குச் சுருண்டு வந்த இந்தியா, 2020 டிசம்பரில் ரஹானேயின் சதத்தால் இங்கே எழுந்து நின்றது. 2022 அக்டோபரில் பாகிஸ்தானுக்கு எதிராகத் தொண்ணூறாயிரம் பேர் முன்னால் கோலி 82 அடித்துக் கொண்டுவந்து நிறுத்திய ஆட்டத்தில், கடைசிப் பந்தை எதிர்கொண்டது சென்னைக்காரர் அஸ்வின். கால்பக்கம் போன பந்தை அசையாமல் விட்டு வைடு வாங்கினார்; அடுத்ததை மிட் ஆஃபுக்கு மேலே தூக்கினார். அவ்வளவு பெரிய மைதானத்தில் அவ்வளவு நிதானத்தை வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

போட்டி இல்லாத நாளில் மைதானத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். கட்டணத்துக்கு மோசமில்லை, உடை மாற்றும் அறை, ‘லாங் ரூம்’, புல்தரையின் விளிம்பு எல்லாம் பார்க்கலாம். ஆனால் உள்ளே போகுமுன் வெளியே யாரா பூங்காவில் வேலிக்குள் நிற்கும் ஒரு பட்டமரத்தைத் தேடிப் பிடியுங்கள். படகோ பாத்திரமோ செய்யப் பழங்குடிகள் பட்டை உரித்தெடுத்த வடு அதில் இருக்கிறது. மைதானத்தைவிட வயதான மரம். 1866 டிசம்பர் 26 அன்று இதே மைதானத்தில் பழங்குடி அணி ஒன்று மெல்பர்ன் கிளப்போடு மோதியது. அந்த அணியில் சிலரும் சேர்ந்த பழங்குடி அணி 1868இல் இங்கிலாந்துக்குப் போனது. ஆஸ்திரேலியாவிலிருந்து வெளிநாடு சென்ற முதல் கிரிக்கெட் அணி அது. மார்ச்சிலிருந்து செப்டம்பர்வரை வருபவர்களுக்கு கிரிக்கெட் கிடையாது, ‘ஃபுட்டி’தான். நம்மூர்க் கால்பந்து இல்லை. 1859இல் மெல்பர்ன்காரர்களே விதி எழுதிய ஆட்டம். விதி புரியாவிட்டாலும் ஒரு சனிக்கிழமை பிற்பகல் போய் உட்கார்ந்தால், இந்த ஊர் எதைக் கடவுளாக வைத்திருக்கிறது என்பது புரியும்.

இடத்துக்கு இடம் போக டிராம். சுமார் 250 கிலோமீட்டர் நீளமுள்ள தடம், உலகிலேயே பெரியவற்றுள் ஒன்று. சென்னையில் 1953இலும் சிட்னியில் 1961இலும் டிராம் நின்றுபோனது. மெல்பர்னில் நிற்காததற்கு, டிராம்வே வாரியத் தலைவராக 1949 முதல் 1970 வரை இருந்த ராபர்ட் ரிஸனின் பிடிவாதம் முக்கியக் காரணம். தண்டவாளங்களைக் கான்கிரீட்டில் பதித்துவிட்டார். பெயர்த்தெடுக்க ஆகும் செலவைப் பார்த்தே எதிரிகள் பின்வாங்கினார்கள். நகர மையத்துக்குள் 2015 முதல் டிராம் இலவசம். எல்லை முடியும் நிறுத்தத்தில் அறிவிப்பு வரும். அதைத் தாண்டுமுன் மைக்கி என்ற பயண அட்டையைக் கருவியில் தொடவேண்டும். காதில் வாங்காமல் உட்கார்ந்திருப்பவர்களுக்காகவே டிக்கெட் பரிசோதகர்கள் ஏறுகிறார்கள்.

மையத்தின் தெருக்கள் 1837இல் ராபர்ட் ஹாடில் அளந்து போட்ட கட்டங்கள். பெரிய தெரு 99 அடி, இடையில் ‘லிட்டில்’ என்று தொடங்கும் தெரு 33 அடி. சரக்கு வண்டியும் குதிரைகளும் இரவில் மலம் அள்ளும் வண்டியும் பின்பக்கமாகப் போக வரத் தோன்றியவை சந்துகள். அதே சந்துகளில்தான் இன்றைக்கு ஒரு காபிக்கு வரிசையில் நிற்கிறார்கள். டிகிரேவ்ஸ் தெரு, சென்டர் பிளேஸ், சுவரோவியங்களுக்குப் பெயர்பெற்ற ஹோசியர் சந்து. ஓவியங்கள் வாரத்துக்கு வாரம் மாறும். யாரோ நேற்று வரைந்ததன் மேல் வேறு யாரோ இன்று வரைந்துவிட்டுப் போவார்கள். காபிப் பழக்கம் போருக்குப் பின் வந்த இத்தாலியர்களின் கொடை. பர்க் தெருவில் பெல்லெக்ரினிஸ் 1954லிருந்து இருக்கிறது. நம் டிகிரி காபி நாக்குக்கு இங்கத்தியது கசக்கும்; சர்க்கரை தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், யாரும் ஏளனமாகப் பார்க்க மாட்டார்கள்.

ஃபிளிண்டர்ஸ் தெரு நிலையத்தைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. பம்பாய் விக்டோரியா டெர்மினஸுக்கு வரைந்த படம் கைமாறி இங்கே வந்துவிட்டதாம். கேட்க நன்றாக இருக்கும். பம்பாய் நிலையம் 1888இலேயே முடிந்துவிட்டது. இதன் வடிவத்துக்குப் போட்டி வைத்ததே 1899இல். ஜெயித்தவர்கள் இருவரும் ரயில்வே ஊழியர்கள்.

விக்டோரியா அரசியார் பெயரிலுள்ள சந்தைக்குத் திங்களும் புதனும் விடுமுறை. தெரியாமல் போய்ப் பூட்டிய கதவைப் பார்ப்பவர்கள் வாராவாரம் இருக்கிறார்கள். 1878இல் தொடங்கிய இந்தச் சந்தையின் ஒரு பகுதி நகரின் பழைய இடுகாட்டின் மேல் நிற்கிறது. ஆயிரக்கணக்கானோரின் எலும்புகள் இன்னும் கீழேயே இருக்கின்றன. மேலே சூடான ஜாம் டோனட் விற்கும் வண்டி. சந்தை முடிந்ததும் நதியைக் கடந்து தேசியக் கலைக்கூடத்துக்குப் போகலாம். நிரந்தரச் சேகரிப்புக்குக் கட்டணம் இல்லை. 1986இல் பிக்காசோவின் ‘அழும் பெண்’ ஓவியத்தை இங்கிருந்து திருடிய கும்பல், கலைக்கு அரசு கூடுதல் பணம் ஒதுக்கவேண்டும் என்று கடிதம் எழுதியது. இரண்டு வாரம் கழித்து ஓவியம் ரயில் நிலையப் பெட்டகம் ஒன்றில் கிடைத்தது. பெரிய மண்டபத்தின் வண்ணக் கண்ணாடிக் கூரையைத் தரையில் மல்லாந்து படுத்துப் பார்ப்பது வழக்கம். முழங்கால் ஒத்துழைத்தால் செய்யுங்கள். தாவரவியல் பூங்கா அருகிலேயே, 38 ஹெக்டேர், அதுவும் இலவசம்.

விடக்கூடியது கேப்டன் குக் வீடு. 1934இல் இங்கிலாந்திலிருந்து பிரித்தெடுத்துக் கப்பலில் கொண்டுவந்து ஃபிட்ஸ்ராய் தோட்டத்தில் மறுபடி கட்டியது. முதலில் அதைக் கட்டியவர்கள் குக்கின் பெற்றோர். அவர் அதில் குடியிருந்தாரா என்பதே சந்தேகம். மெல்பர்ன் விரிகுடாவுக்குள் அவர் கப்பல் நுழைந்ததே இல்லை. தோட்டம் அழகு, வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகரலாம்.

இனி ஊருக்கு வெளியே. கிரேட் ஓஷன் ரோடு 243 கிலோமீட்டர். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் 1919 முதல் 1932 வரை, இறந்த தோழர்களின் நினைவாகப் போட்டது. முடிவில் ‘பன்னிரு அப்போஸ்தலர்’ என்ற கடற்பாறைகள்; பன்னிரண்டு ஒருபோதும் இருந்ததில்லை, 2005இல் மேலும் ஒன்று சரிந்தது. பாதை அற்புதம், ஒரே நாளில் பேருந்தில் போய்த் திரும்புவதுதான் கொடுமை. பன்னிரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதி ஜன்னல் கண்ணாடி. இரவு ஒன்று வழியில் தங்க முடியாதென்றால் விட்டுவிடுங்கள். ஒரே ஒரு வெளியூர்ப் பயணம் என்றால் நான் பல்லாரட்டைச் சொல்வேன். ரயிலில் ஒன்றரை மணி நேரம். நகரத்தில் பார்த்த அத்தனை குவிமாடங்களுக்கும் பணம் வந்த ஊர். 1858இல் இங்கே கிடைத்த ஒரு தங்கக் கட்டி மட்டும் 69 கிலோ. உரிமக் கட்டணத்தை எதிர்த்து 1854 டிசம்பர் 3இல் சுரங்கத் தொழிலாளர்கள் படையோடு மோதிய இடமும் இதுதான். அவர்கள் ஏற்றிய யுரேகா கொடியின் எஞ்சிய துணியை அங்கேயே வைத்திருக்கிறார்கள். பேரக் குழந்தை கூட வந்தால் சாவரின் ஹில் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் தட்டு வைத்துத் தங்கம் சலிக்கலாம். துளி கிடைத்தால் வீட்டுக்கு எடுத்துப்போகலாம். பிலிப் தீவு 140 கிலோமீட்டர். பெங்குவின்கள் இருட்டிய பிறகே கரையேறும், கோடையில் அது ஒன்பது மணியைத் தாண்டிவிடும், திரும்பும்போது நள்ளிரவு. குளிர்காலத்தில் சீக்கிரம் வந்துவிடும், ஆனால் கடல்காற்று எலும்பைத் துளைக்கும். ஊட்டி ரயிலில் போனவர்களுக்கு பஃபிங் பில்லி என்ற மலை ரயில் புதிதாக எதையும் காட்டாது.

காலம் என்று கேட்டால் மார்ச், ஏப்ரல். வெயில் தணிந்து, இலை நிறம் மாறி, ஃபுட்டி தொடங்கியிருக்கும். டிசம்பர் 26 டெஸ்டுக்கு வருபவர்கள் டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடவேண்டும். மேலடுக்குச் சீட்டு போதும். கோடையில் வடக்கிலிருந்து பாலைக்காற்று நாற்பது டிகிரிவரை கொண்டுபோகும். சாயங்காலம் தென்மேற்கிலிருந்து காற்று திரும்பினால் ஒரு மணி நேரத்துக்குள் பதினைந்து டிகிரி இறங்கும். மகள் காலையில் ஸ்வெட்டரைக் கையில் திணித்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.